கும்பிடுபூச்சி சட்டை உரிக்கும் இரவு

எங்கள் வீட்டில் ஒரு பூச்சிக்காக இரண்டு முறை அழுகை கேட்டது.

கொல்லையில் இருக்கும் செம்பருத்திச் செடியிலிருந்து மூன்று கும்பிடுபூச்சிக் குஞ்சுகளைப் பிடித்துவந்து, ஆளுக்கொரு பிளாஸ்டிக் டப்பா கொடுத்து வளர்த்துக்கொண்டிருந்தாள் என் மகள். மூன்றில் பெரியதற்கு மரகதம் என்று பெயர். ஒருநாள் காலை, “அப்பா, மரகதம் செத்துப்போச்சு” என்று ஓடிவந்தாள். போய்ப் பார்த்தேன். டப்பாவின் மூடியிலிருந்து வெளுத்துப்போன ஓர் உடல் தொங்கிக்கொண்டிருந்தது. தலை, கால், உணர்கொம்பு எல்லாம் அப்படியே இருந்தன. கொஞ்சம் கீழே, முன்னைவிடப் பெரிதாக, புதுத்தளிர்ப் பச்சையில் மரகதம் உட்கார்ந்திருந்தது. தொங்கியது அது உரித்துப் போட்ட சட்டை. அழுகை சிரிப்பாக மாறியது.

இரண்டாம் முறை அப்படி மாறவில்லை. சில வாரம் கழித்து, அதே டப்பாவில், அதே மூடியில் தொங்கிச் சட்டை உரிக்கும்போது மரகதம் கீழே விழுந்துவிட்டது. பின்னங்கால்கள் வளைந்து, இறக்கைகள் கசங்கி, மறுநாள் மாலைக்குள் இறந்துபோனது. “நான் நல்லாத்தானே பாத்துக்கிட்டேன்” என்று மகள் கேட்டபோது உடனே பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. உடலை ஒரு வெள்ளைத் தாளில் வைத்து இருவரும் உற்றுப் பார்த்தோம். காரணம் அந்த உடலிலேயே இருந்தது. மற்ற இரண்டும் பிழைத்தது அதைப் படித்ததால்தான்.

கைகூப்பி நிற்கும் வேட்டைக்காரர்

முன்னங்கால்களை மடித்துக் கைகூப்பி நிற்பதால் கும்பிடுபூச்சி. பெருமாளைச் சேவிப்பதுபோல் தோன்றுவதால் பெருமாள் பூச்சி. உடலை முன்னும் பின்னும் ஆட்டுவது மத்துப் பிடித்துத் தயிர் கடைவதுபோல் இருப்பதால் தயிர்க்கடைப் பூச்சி. ‘மாண்டிஸ்’ என்ற அறிவியல் பெயருக்குக் கிரேக்க மொழியில் குறிசொல்பவர் என்று பொருள். அங்கும் அந்த நிற்கும் கோலம்தான் பெயர் தந்திருக்கிறது.

உலகில் ஏறத்தாழ 2,400 வகைக் கும்பிடுபூச்சிகள் அறியப்பட்டுள்ளன. பார்த்தால் வெட்டுக்கிளியின் உறவு போலிருக்கும். உண்மையில் நெருங்கிய சொந்தம் கரப்பான்பூச்சியும் கறையானும்தான். இலைதழை தின்னாது. உயிருள்ள இரை மட்டுமே உணவு. முன்னங்கால்களின் உட்புறம் அரிவாளின் பற்கள்போல முட்கள் வரிசையாக இருக்கும். நொடியில் பத்தில் ஒரு பங்குக்குள் அந்தக் கால்கள் நீண்டு, இரையைக் கவ்வித் திரும்பிவிடும்.

இவ்வளவு துல்லியமாகப் பிடிக்க வேண்டுமானால் தூரம் தெரிய வேண்டும். பெரிய கூட்டுக்கண்கள் இரண்டும், அவற்றுக்கு நடுவே சிறு எளிய கண்கள் மூன்றுமாக இதற்கு ஐந்து கண்கள். நம்மைப்போல இரு கண்களின் காட்சியையும் ஒப்பிட்டு ஆழத்தை அளக்கத் தெரிந்த பூச்சி இது. இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழகத்தில் ஜென்னி ரீடின் குழுவினர் ஒரு கும்பிடுபூச்சியின் முகத்தில் தேன்மெழுகால் சின்னஞ்சிறு வண்ணக் கண்ணாடிகளை ஒட்டி, முப்பரிமாணப் படம் போட்டுக் காட்டினார்கள். திரைக்கு முன்னால் மிதப்பதாகத் தோன்றிய இரையை நோக்கி அது கால் வீசியது. விவேக் நித்யானந்தா முதன்மை ஆசிரியராக இருந்த அந்த ஆய்வு 2016-ல் வெளியானது.

வளர்ப்பவருக்கு இதிலிருந்து இரண்டு செய்திகள் கிடைக்கின்றன. இது கண்ணை நம்பி வாழும் உயிர். வெளிச்சம் படும் இடத்தில்தான் இருக்க வேண்டும். அசையாத இரை அதற்கு இரையாகவே தெரியாது. செத்த ஈயைப் போட்டுவிட்டு, ‘தின்னவில்லையே’ என்று கவலைப்பட்டுப் பயனில்லை.

சட்டைக்குள் நடப்பது

நமக்கு எலும்பு உள்ளே இருக்கிறது; பூச்சிக்கு வெளியே இருக்கிறது. கைட்டினும் புரதமும் சேர்ந்த அந்தப் புறஓடு ஒருமுறை இறுகிவிட்டால் பிறகு விரியாது. உள்ளே உடல் வளர வளர, பழைய ஓட்டைக் கழற்றிவிட்டுப் பெரிய ஓட்டுக்கு மாற வேண்டும். கும்பிடுபூச்சி தன் வாழ்நாளில், இனத்தையும் ஆண் பெண்ணையும் பொறுத்து, ஆறு முதல் ஒன்பது முறை வரை இப்படிச் சட்டை மாற்றுகிறது. பொதுவாகப் பெண்ணுக்கு ஒன்றிரண்டு முறை அதிகம். கடைசிச் சட்டையில்தான் முழு இறக்கை வரும். அதன் பிறகு உரிப்பு இல்லை.

உரிப்பைத் தொடங்கிவைப்பது எக்டைசோன் என்ற ஹார்மோன். பழைய ஓட்டுக்கு அடியில் மடிப்பு மடிப்பாகப் புதிய மெல்லிய ஓடு உருவாகிறது. இரண்டுக்கும் நடுவே ஊறும் திரவம் பழைய ஓட்டின் உட்புறத்தைக் கரைத்துத் தளர்த்துகிறது. அந்த நாள்களில் பூச்சி சாப்பிடாது. இரை முகத்துக்கு எதிரே நடந்தாலும் விலகிப்போகும். நிறம் மங்கும். முதிர்ச்சிக்கு முந்தைய பருவமாக இருந்தால் முதுகிலுள்ள இறக்கை மொட்டுகள் உப்பித் தெரியும். பிறகு உயரமான ஓரிடத்தைத் தேடிப் பிடித்து, நடுக்கால்களாலும் பின்னங்கால்களாலும் பற்றிக்கொண்டு தலைகீழாகத் தொங்கும்.

மார்பின் மேல்பக்கம் ஓடு பிளக்கிறது. முதுகு வெளியே வருகிறது, பிறகு தலை, பிறகு நூல்போன்ற உணர்கொம்புகள், அப்புறம் கால்கள். அதை இழுத்து வெளியேற்றுவதில் பெரும் பங்கு அதன் சொந்த எடைக்கு உண்டு. காலுறையிலிருந்து கால் உருவுவதுபோல ஒவ்வொரு காலும் பழைய ஓட்டிலிருந்து உருவப்படுகிறது. வெளித்தோல் மட்டும் கழல்வதில்லை. மூச்சுக்குழல்களின் உள்வரியும், குடலின் முன்பகுதி, பின்பகுதியின் உள்வரியும் சேர்ந்து கழல்கின்றன. உரித்த சட்டைக்குள் வெள்ளை இழைகள் தெரிந்தால் அவை மூச்சுக்குழலின் வரிகள்.

கால்கள் வெளிவந்ததும் வயிற்றின் நுனி மட்டும் சட்டைக்குள் இருக்க, பூச்சி சற்று நேரம் அசையாமல் தொங்கும். கால்கள் எடை தாங்கும் அளவுக்கு இறுக வேண்டும் அல்லவா? பிறகு ஒரே எழும்பலில் மேலே வளைந்து சட்டையைப் பற்றிக்கொண்டு, வயிற்றையும் உருவிக்கொள்ளும். கடைசி உரிப்பானால், மடிந்திருக்கும் இறக்கை நரம்புகளுக்குள் உடல்திரவத்தைச் செலுத்தி விரித்து உலர்த்தும். எல்லாம் முடிய அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் ஆகலாம். உடல் முழுதாக இறுக ஒரு நாளுக்கு மேல் ஆகும்.

இந்த நேரத்தில் அதன் உடல் வேகவைத்த நூல்கோலைப்போல மிருதுவாக இருக்கும். தொட்டால் வளையும், விழுந்தால் மடங்கும், மடங்கிய நிலையிலேயே இறுகிவிடும்.

மூன்று மடங்கு உயரம்

மரகதத்தின் டப்பாவை அளந்து பார்த்தோம். உயரம் பத்து சென்டிமீட்டர். சிறு குஞ்சாக இருந்தபோது அது மாளிகை. கடைசிச் சட்டை உரிக்கப் போகும்போது அதன் நீளமே ஆறு சென்டிமீட்டரைத் தாண்டியிருந்தது. மூடியிலிருந்து தொங்கி, பழைய சட்டையின் நுனியில் புது உடல் நீண்டு இறங்கியபோது தலை தரையில் முட்டியிருக்கிறது. அதோடு மூடி வழுக்கும் பிளாஸ்டிக். பழைய சட்டையின் கால்பிடி நழுவியிருக்கிறது.

கும்பிடுபூச்சி வளர்ப்பவர்கள் எல்லா நாட்டிலும் சொல்லும் முதல் விதி இதுதான்: வீட்டின் உயரம் பூச்சியின் நீளத்தைப்போல மூன்று மடங்காவது இருக்க வேண்டும், அகலம் இரண்டு மடங்கு. அந்த உயரத்தைக் குச்சியும் இலையும் போட்டு அடைக்கக் கூடாது. மேற்கூரை பிடிப்புள்ளதாக இருக்க வேண்டும். மூடியை வெட்டிவிட்டுக் கொசுவலைத் துணி கட்டினால் போதும். காற்றோட்டமும் கிடைக்கும், காலுக்குப் பிடியும் கிடைக்கும். பூச்சி வளர வளர வீட்டையும் மாற்ற வேண்டும். இந்த ஒன்றை நாங்கள் செய்யவில்லை.

இரண்டாவது காரணம் ஈரப்பதம். காற்று மிகவும் வறண்டிருந்தால் பழைய சட்டை உடலோடு ஒட்டிக்கொள்ளும்; கால் பாதியில் சிக்கும். தெளிப்பானால் சுவரில் லேசாகத் தண்ணீர் தெளித்தால் இது தவிரும். மற்ற நாளில் பூச்சி அந்தத் துளிகளைக் குடித்துத் தாகம் தீர்த்துக்கொள்ளும். ஆனால் டப்பா எந்நேரமும் நனைந்திருந்தால் பூஞ்சை பிடிக்கும். தெளித்த ஈரம் சில மணி நேரத்தில் காய்ந்துவிட வேண்டும், அதுதான் அளவு. உரிப்பு நடந்துகொண்டிருக்கும்போது மேலே தெளிக்கவே கூடாது.

உரிப்பில் கால் வளைந்த பூச்சிகள் எல்லாம் சாவதில்லை. முன்னங்கால்களில் ஒன்றாவது நன்றாக இருந்து, தொங்கவும் முடிந்தால், இரையை வாயருகே பிடித்து ஊட்டிக் காப்பாற்றலாம். முதிராத பருவமாக இருந்தால் அடுத்த உரிப்பில் வளைவு நிமிர வாய்ப்புண்டு. ஒடிந்த கால்கூட ஒன்றிரண்டு உரிப்பில் மறுபடி முளைக்கும். முதிர்ந்த பூச்சிக்கு அடுத்த உரிப்பு கிடையாது. மரகதத்துக்கு வந்தது கடைசி உரிப்பு.

இறந்த உடல் சொல்வது

ஒன்று இறந்ததும் அதைத் தூக்கி எறிந்துவிடாமல் பார்க்க வேண்டும். வளைந்த காலும் கசங்கிய இறக்கையும் இருந்தால் உரிப்புக் கோளாறு: வீட்டின் உயரத்தையும் கூரையின் பிடியையும் சரிபாருங்கள். வயிறு தட்டையாக ஒட்டி, சுருங்கியிருந்தால் தண்ணீரோ இரையோ போதவில்லை. வயிற்றில் வெடிப்பிருந்தால் உயரத்திலிருந்து விழுந்திருக்கிறது. நிறையத் தின்ற பெண்பூச்சிக்கு இந்த ஆபத்து அதிகம், ஆகவே அதைக் கையில் வைத்து விளையாடக் கூடாது. வாயருகே கறுப்புத் திரவமும் துர்நாற்றமும் இருந்தால் குடல் கெட்டிருக்கிறது; இரை எங்கிருந்து வந்தது என்று யோசியுங்கள்.

கடைசி வகைதான் மற்ற பூச்சிகளுக்கும் ஆபத்து. ஒன்று நோயில் இறந்தால் அதன் டப்பாவின் அடியில் போட்ட தாளையும் குச்சிகளையும் எறிந்துவிட்டு, டப்பாவை வெந்நீரில் கழுவி வெயிலில் காயவைக்க வேண்டும். அது தின்று மிச்சம் வைத்த இரையை வேறொன்றுக்குக் கொடுக்கக் கூடாது. ஒன்றைத் தொட்ட கையைக் கழுவிய பிறகே இன்னொன்றைத் தொட வேண்டும். நோயுற்றதைத் தனி அறையில் வைப்பது இன்னும் நல்லது.

ஒரு டப்பாவில் ஒன்றுதான் இருக்க வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பசித்த கும்பிடுபூச்சிக்கு உடன்பிறந்ததும் இரைதான். நம் ஊரில் ஒரு விதிவிலக்கு உண்டு. தென்னிந்தியாவும் இலங்கையும் தாயகமான வயலின் கும்பிடுபூச்சி, 1758-ல் லின்னேயஸ் பெயரிட்ட கோங்கைலஸ் கோங்கைலோடஸ், காய்ந்த சருகுபோல் இருக்கும். நீண்டு மெலிந்த மார்பு வயலின் கழுத்தை நினைவூட்டும். வயிறு நிறைய இரை கிடைத்தால் இவை கூட்டமாகவும் வாழும். நல்ல வெயிலும் பறக்கும் இரையும் இருந்தால் போதும். உலகெங்கும் பூச்சி வளர்ப்பவர்கள் ஆசைப்படும் இந்த இனம் நம் பக்கத்துப் புதர்க்காட்டில் இருக்கிறது.

இரை, எறும்பு, கொசுவத்தி

இரையின் நீளம் பூச்சியின் நீளத்தில் பாதிக்குள் இருக்கட்டும். முட்டையிலிருந்து வந்த குஞ்சுக்குப் பழ ஈ ஏற்றது. கனிந்த வாழைப்பழத்தை ஓர் ஓரமாக வைத்தால் தானே வந்து சேரும். வளர்ந்ததற்கு ஈ, அந்துப்பூச்சி, சிறு சுவர்க்கோழி, சிறு வெட்டுக்கிளி. குஞ்சுக்கு நாளுக்கொரு முறை, வளர்ந்ததற்கு இரண்டு மூன்று நாளுக்கொரு முறை. வயிறு உப்பியிருந்தால் ஒரு நாள் நிறுத்துங்கள். சாக்கடை ஈயும், மருந்தடித்த வயலின் வெட்டுக்கிளியும், மருந்து வைத்த சமையலறையின் கரப்பானும் வேண்டாம். அவற்றின் உடலில் உள்ளது பூச்சியின் உடலுக்குப் போகும்.

தின்னாத இரையை அன்றே எடுத்துவிட வேண்டும். சட்டை உரிக்கும் கும்பிடுபூச்சியைச் சுவர்க்கோழி கடித்துத் தின்றுவிடும். வேட்டைக்காரர் தன் இரைக்கே இரையாகும் நேரம் அது.

நம் வீடுகளில் இதைவிடப் பெரிய எதிரி எறும்பு. பலகாரப் பாத்திரத்தைத் தண்ணீர்த் தட்டின் நடுவே வைப்போமே, அதே உபாயம் இங்கும் பலிக்கும். ஆனால் எறும்புக்காகச் சாக்பீஸ் கோடு போடாதீர்கள். எறும்பைக் கொல்வது கும்பிடுபூச்சியையும் கொல்லும். கொசுவத்திச் சுருளும், மின்இணைப்பில் மாட்டும் கொசுவிரட்டித் திரவமும் இப்படித்தான். அவற்றில் பெரும்பாலும் இருக்கும் பைரித்ராய்டு வகை நஞ்சு பூச்சியின் நரம்பைத் தாக்குகிறது. அது கொசுவுக்கும் மற்றதற்கும் வேறுபாடு பார்க்காது. கொசுவத்தி ஏற்றும் அறையில் கும்பிடுபூச்சியை வைக்காதீர்கள்.

வயிற்றுக்குள் ஒரு புழு

வெளியிலிருந்து பிடித்துவந்த பூச்சி நன்றாகத் தின்றும் மெலிகிறதா? ஒருநாள் அதன் வயிற்று நுனியிலிருந்து கறுப்பு நூல்போல நீண்ட புழு வெளியே வரலாம். குதிரைமுடிப் புழு என்பது அதன் பெயர். நீரில் வாழும் பூச்சிகளின் குஞ்சுக்குள் புகுந்து, அவை இறக்கை முளைத்துப் பறந்தபின் அவற்றைத் தின்னும் கும்பிடுபூச்சிக்குள் சேர்கிறது. உள்ளேயே வளர்ந்து, முதிர்ந்ததும் தன்னைச் சுமக்கும் கும்பிடுபூச்சியைத் தண்ணீருக்குள் குதிக்கவைக்கிறது. நீர்ப்பரப்பில் பட்டுத் தெறிக்கும் முனைவாக்கப்பட்ட ஒளியை நோக்கிப் புழு தொற்றிய கும்பிடுபூச்சிகள் ஈர்க்கப்படுகின்றன என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 2021-ல் காட்டினார்கள்.

பார்க்கப் பயமாக இருந்தாலும், இது ஒரு கும்பிடுபூச்சியிலிருந்து இன்னொன்றுக்கு நேராகத் தொற்றாது. புழுவின் வாழ்க்கை நீரைக் கடந்துதான் போக வேண்டும். பக்கத்து டப்பாக்களைப் பற்றி அஞ்ச வேண்டியதில்லை. குளத்தங்கரையில் பிடித்த பூச்சிகளை இரையாகக் கொடுக்காமல் இருந்தால் போதும்.

முதுமை நோயல்ல

இரவில் பார்த்தால் கும்பிடுபூச்சியின் கண்கள் கறுத்திருக்கும். பலர் நோய் என்று பயப்படுகிறார்கள். குறைந்த ஒளியை வாங்குவதற்காக அவை இயல்பாகவே கறுக்கின்றன, விடிந்தால் பச்சையாகும். பகலில் கண்ணுக்குள் ஒரு கரும்புள்ளி நம்மையே பின்தொடர்ந்து பார்ப்பதுபோல் தெரியும். அது பாவை அல்ல. நம் பார்வைக்கு நேர்கோட்டில் இருக்கும் கண்ணறைகள் அந்தப் பக்கம் வரும் ஒளியை விழுங்கிவிடுவதால் கறுப்பாகத் தெரிகின்றன. நம்மோடு நகராமல் ஒரே இடத்தில் நிற்கும் கறை இருந்தால் அதுதான் காயம் அல்லது முதுமை.

முட்டையிலிருந்து முடிவு வரை கும்பிடுபூச்சியின் ஆயுள் ஓராண்டை ஒட்டியது. இறக்கை முளைத்த பிறகு கிடைப்பது சில மாதம். ஆணுக்கு இன்னும் குறைவு. பாத நுனிகள் உதிர்வதும், சுவரில் ஏற முடியாமல் போவதும், வீச்சு குறி தவறுவதும் வயதின் அடையாளங்கள். அப்போது தாழ்வான டப்பாவுக்கு மாற்றி, அடியில் மெல்லிய துணி விரித்து, நறுக்கிய இரையை வாயருகே பிடித்து ஊட்டலாம். கரண்டி நுனியில் தண்ணீர் காட்டலாம். அந்த நிலையில் இறந்தால் வளர்த்தவர் மீது குற்றமில்லை.

எங்கள் மற்ற இரண்டும் முப்பது சென்டிமீட்டர் உயர வலைக்கூண்டுக்கு மாறின. ஒரு வாரம் கழித்து, மின்விசிறியை நிறுத்திவிட்டு, ஓர் இரவு முழுக்க மகள் கதவோரம் உட்கார்ந்திருந்தாள். ஒன்று வலையில் தொங்கி, கடைசிச் சட்டையை உரித்து, இறக்கையை விரித்தது. மூன்றாவதும் அடுத்த வாரமே அப்படித்தான் முதிர்ந்தது. இரண்டும் பெண். வயிற்றின் அடிப்பக்கம் ஆறு கட்டங்கள் தெரிந்தால் பெண், எட்டு என்றால் ஆண். அப்படித்தான் எண்ணித் தெரிந்துகொண்டோம். இரண்டையும் அதே செம்பருத்தியில் விட்டோம். சில வாரத்தில் ஒரு கிளையில் நுரை உறைந்து இறுகிய முட்டைக்கூடு ஒன்று ஒட்டியிருந்தது. ஒரு கூட்டிலிருந்து நூற்றுக்கு மேல் குஞ்சுகள் வரலாம். அந்தச் செடிக்கு மருந்தடிப்பதை அன்றோடு நிறுத்திவிட்டோம்.

கும்பிடுபூச்சியை வளர்க்க ஆசைப்படும் பிள்ளைகள் இருக்கும் வீட்டாருக்கு ஒரு வேண்டுகோள். பிடிப்பதற்கு முன்னால் கூண்டின் உயரத்தை அளந்துவிடுங்கள். ஒன்று இறந்தால் பிள்ளையைத் தேற்றிவிட்டு, பிள்ளையோடு உட்கார்ந்து காரணத்தைத் தேடுங்கள். சட்டை உரிக்கத் தொடங்கிவிட்டால், எவ்வளவு தவித்தாலும், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நில்லுங்கள். அந்த ஒரு மணி நேரம் தொடாமல் இருப்பதைவிடப் பெரிய உதவி எதுவும் அதற்கு நாம் செய்துவிட முடியாது.